கண்டு நின்றோரும் உடன் நின்றோரும்: மனநிலைக் கோளாறும் தமிழகமும்

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் சாத்தனார் ஒரு பித்தனைக் காட்டுகிறார். மணிமேகலையும் சுதமதியும் பூக்கொய்யச் செல்லும் புகார் நகரத் தெருவில் அவன் திரிகின்றான். அலரியும் எருக்கும் தொடுத்த மாலை அணிந்திருக்கிறான், கந்தல் உடுத்தியிருக்கிறான், பொருளற்ற சொற்களைப் பலரிடமும் பேசுகிறான். அழுகிறான், விழுகிறான், தொழுகிறான், சுழல்கிறான், ஓடுகிறான், தன் நிழலோடு தானே சண்டையிடுகிறான். அவன் பின்னே ஒரு கூட்டம் செல்கிறது. அவன் துன்பத்தைக் கண்டு அக்கூட்டம் வருந்துகிறது என்றுதான் காப்பியம் கூறுகிறது. ஆயினும் அவர்கள் செய்வது வேறொன்றுமில்லை, கண்டு நிற்கிறார்கள்.

அவனுக்கு என்ன நோய் என்று இன்று கணிக்க முற்படுவது பயனற்றது. காப்பியப் பாத்திரத்திற்கு நாடி பார்க்க இயலாது. சங்கப் புலவர்கள் உளவியல் முழுவதையும் அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவாரும் உளர்; அம்முழக்கத்தால் புலவர்க்கும் பெருமையில்லை, நோயாளிக்கும் நன்மையில்லை. ஆனால் உள்ளம் நோயுற்ற ஒருவனைச் சுற்றித் தமிழ்ச் சமுதாயம் எவ்வாறு நின்றது என்பதற்கு அக்காட்சி நல்ல சான்றாகும். மனநிலைக் கோளாறு பற்றிய தமிழக வரலாற்றை அந்தக் கோணத்திலிருந்து நோக்கினால் சில செய்திகள் தெளிவாகின்றன.

மனநிலைக் கோளாறு என்று மருத்துவர் குறிப்பது அறிவின் குறைபாட்டையன்று. மகிழ்ச்சி, துயரம் என்னும் மனநிலைகளே அளவு மீறி, காரணத்தைக் கடந்து, விலகாமல் தங்கிவிடுவதை அது குறிக்கும். இதில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று மனச்சோர்வு: இரண்டு வாரத்திற்குக் குறையாமல் நாளின் பெரும்பகுதியும் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடிப்பதும், உறக்கம், பசி, கவனம் ஆகியன கெடுவதும், தான் பயனற்றவன் என்ற எண்ணமும் சாவைப் பற்றிய நினைவும் தலைதூக்குவதும் இதன் அடையாளங்கள். மற்றொன்று இருதுருவ நோய். இதில் சோர்வுக் காலங்களோடு எழுச்சிக் காலங்களும் மாறி மாறி வரும். எழுச்சியின்போது இரண்டு மணி நேரம் உறங்கினாலும் களைப்பிராது. பேச்சு வெள்ளமாய்ப் பெருகும். கையிலுள்ள பணம் கரையும். உலகையே வென்றுவிடலாம் என்று தோன்றும். செர்மானிய மருத்துவர் எமில் கிரேப்ளின் 1899இல் வெளியிட்ட தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இதனை மனச்சிதைவினின்றும் பிரித்துத் தனி நோயாக நிறுவினார். அதுவரை எல்லாமே 'பைத்தியம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்தன. தமிழ்ப் பேச்சு வழக்கில் பெரும்பாலும் இன்றும் அப்படித்தான் கிடக்கின்றன.

அழுகையின் நான்கு வாயில்கள்

துயரத்தின் காரணங்களை வகைப்படுத்த முயன்ற தொன்மையான தமிழ் நூல் தொல்காப்பியம். மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னிருந்த நல்ல நிலையினின்றும் தாழ்தல், நுகர்வதற்கு ஏதுமின்மை என உரைவழி நின்று இவற்றை விளக்கலாம். 1978இல் இலண்டன் நகரின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரௌன், டிரில் ஹாரிஸ் என்னும் இருவரும் வெளியிட்ட நூல், இழப்பும் நெடுநாள் இடர்ப்பாடும் மனச்சோர்வுக்கு எவ்வாறு வழிவகுக்கின்றன என்பதை எடுத்துக் காட்டியது. பின்னர் நடந்த ஆய்வுகளில் பிரௌன் சிறுமைப்படுத்தப்படுதலையும் அதனோடு சேர்த்தார். இழவும் இளிவும் அங்கும் முன்னிற்கின்றன. இருப்பினும் தொல்காப்பியர் பேசுவது மேடையிலும் செய்யுளிலும் புலப்படும் அழுகையைப் பற்றி என்பதையும், அழ இயலாமற் போவதே கடுஞ்சோர்வின் இயல்பாக இருத்தலுண்டு என்பதையும் மறத்தல் கூடாது.

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு இதைவிடப் பொருத்தமான சான்று. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, உறக்கமில்லை, நெற்றியில் பசலை படர்கிறது. தாய் கலங்கிக் கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலன் அழைக்கப்படுகிறான், முருகு அணங்கியது என்று அவன் கூறுகிறான். களம் இழைக்கப்படுகிறது, மறி அறுபடுகிறது. நோயின் உண்மைக் காரணத்தைத் தோழி ஒருத்தியே அறிவாள். அவள் வாய் திறந்து உண்மை சொல்வதற்கு இலக்கணம் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. அச்சத்தின் காரணமாகத் தவறான பெயர் சூட்டப்பட்ட ஒருத்தியின் பக்கம் நின்று, அவள் உள்ளத்தில் நடப்பது இது என்று வீட்டாரிடம் எடுத்துரைத்தல் அது. தலைவியின் நோய் காதல், மருத்துவமனை நோயன்று. ஆனால் பெயரைத் தவறாக இடுவதால் நேரும் கேட்டினைச் சங்கப் புலவர் நன்கறிந்திருந்தனர். வேலனையும், சில இடங்களில் முருகனையுமே அவர்கள் எள்ளி நகையாடியிருக்கின்றனர்.

திருக்குறளின் மருந்து அதிகாரமும் ஈண்டு எண்ணத்தக்கது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக 'உழைச்செல்வான்' ஒருவனையும் வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்பாக வைக்கிறார். அருகிருந்து மருந்தை உரிய நேரத்தில் கொடுத்துப் பேணுகிறவன் அவன். புகார்த் தெருவின் பித்தனுக்கு வாய்க்காதவன் அவனே.

சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் மிகுதி குறைவுகளால் மனநோயையும் விளக்கியது. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் பதினெட்டு வகைக் கிரிகைகளைக் கூறுகின்றது. பித்தத்தின் மிகுதியே பித்து என்ற கருத்து, கறும்பித்தத்தின் மிகுதியே துயரநோய் என்ற கிரேக்கர் கருத்திற்கு மிக அணிமையிலிருப்பது வியப்பளிப்பது. மெலங்கோலியா என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் நோய் உடலைச் சார்ந்தது, ஆதலின் மருந்துக்கு உரியது என்ற எண்ணம் அதில் இருந்தது.

கீழ்ப்பாக்கம்

1794ஆம் ஆண்டு கும்பெனி ஆட்சியில் வாலண்டைன் கோனொலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளர்க்கென ஒரு விடுதியைத் தொடங்கினார். இந்தியாவின் தொடக்க கால மனநோய் விடுதிகளுள் அஃது ஒன்று. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல் அரசு மனநல மருத்துவமனை என்ற பெயர் பெற்றது. காப்பகம் என்ற சொல்லை மருத்துவமனை என்று மாற்றியதில் ஒரு நூற்றாண்டின் கருத்து மாற்றம் அடங்கியிருக்கிறது. ஆனால் மக்கள் வழக்கு வேறு வழியிற் சென்றது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே ஏச்சாகிவிட்டது. திரைப்பட நகைச்சுவையும் அதற்குத் துணை செய்தது. ஒருவன் காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்வதை மறைப்பதில்லை. கீழ்ப்பாக்கம் சென்றதைத் தன் உடன்பிறந்தானிடமும் மறைக்கிறான். மீஞ்சூரிலிருந்து மின்தொடரில் சென்ட்ரல் இறங்கினால் கீழ்ப்பாக்கம் தொலைவில்லை. அந்தச் சொல்லைக் கடப்பதுதான் தொலைவு.

அம்மருத்துவமனையின் வரலாற்றில் டாக்டர் சாரதா மேனனின் பணி தனித்து நிற்பது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்பெறும் அவர் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக விளங்கினார். நோயாளி வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பும் புறநோயாளர் பிரிவும், குணமடைந்தோர் கைத்தொழில் பயிலும் ஏற்பாடும் அவர் காலத்தில் வலுப்பெற்றன. மனநோயாளியின் இடம் மதிலுக்கு உள்ளே என்ற எண்ணம் அப்போதுதான் சற்றே தளர்ந்தது. ஓய்வுக்குப் பின் 1984இல் சென்னையில் அவர் ஸ்கார்ப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பை நிறுவினார்.

மருந்துகள் கற்பித்தவை

மனநிலைக் கோளாற்றின் காரணத்தை ஆராய்ந்து மருந்து கண்டனர் என்று எண்ணுவது இயல்பு. நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. தற்செயலாகக் கிட்டிய மருந்துகளே காரணத்தைப் பற்றிச் சிந்திக்க வைத்தன. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி இருவரும் மின்னதிர்வு மருத்துவத்தைத் தொடங்கினர். 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்குத் தந்த ஐப்ரோனியசிட் என்ற மருந்து நோயாளிகளை வழக்கத்திற்கு மாறான உற்சாகத்தில் ஆழ்த்தியது. 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்டு கூன், இமிப்ரமின் சோர்வைப் போக்குவதை அறிவித்தார்.

இவ்வரலாற்றில் இந்திய மூலிகை ஒன்றிற்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாக இங்கே பயன்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அதன் பயனை ஆய்வுக் கட்டுரையாக எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் இரத்தக் கொதிப்புக்கு அது உதவுவதை ஆங்கில மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பினை உண்ட கொதிப்பு நோயாளர் சிலரிடம் கடுஞ்சோர்வு காணப்பட்டது. மூளையின் சில வேதிப்பொருள்களை அது குறைப்பதும் தெரியவர, அவற்றின் குறைவே மனச்சோர்வு என்ற கோட்பாடு 1960களில் உருவாகியது. அக்கோட்பாடு அத்தனை எளிதாக நிலைபெறவில்லை. ரிசர்பின் சோர்வை உண்டாக்குகிறது என்பதே மறு ஆய்வுக்கு உள்ளாகியிருக்கிறது. ஒரு வேதிப்பொருளின் குறைவால் மட்டும் நோயை விளக்கிவிட முடியாது என்பதே இன்றைய தெளிவு. மருந்து பயன்தருகிறது என்பது வேறு, அது பயன்தரும் விதம் முற்றும் விளங்கிவிட்டது என்பது வேறு.

அவ்வாறாயின் காரணம் யாது? மரபுவழி, மூளையின் இயக்கம், இளமையில் பட்ட துன்பம், வாழ்க்கை நெருக்கடி, உறக்கக் கேடு, மது, தைராய்டு போன்ற உடற்குறைகள் எனப் பலவும் கூடியே இந்நோய் தோன்றுகின்றது. மீஞ்சூர்ப் பகுதியினர்க்கு இதனை விளக்க நெடிய உவமை வேண்டுவதில்லை. கடல் என்றும் இவ்வூருக்கு அருகில்தான் இருந்தது. கிணறுகளும் நல்ல நீர் தந்தன. ஆழ்குழாய்களால் அளவின்றி நீரை உறிஞ்சிய பின்னரே நிலத்தடியில் உப்பு ஏறியது. கடலை மட்டும் குற்றம் சொல்வதும் குழாயை மட்டும் குற்றம் சொல்வதும் ஒருபுடைக் கூற்றுகள். மரபுவழி வந்த ஏலாமை அருகிலுள்ள கடலைப் போன்றது. எழுச்சி நோய்க்கு ஆட்படக்கூடியவர்க்கு உறக்கக் கேடு உப்பை உள்ளிழுக்கும் குழாய் ஆகலாம். இரவும் பகலும் ஷிப்டு மாறும் தொழிற்பேட்டை வாழ்வில் இஃது ஏட்டுச் செய்தியன்று.

எழுச்சி நோய்க்கு உற்ற மருந்து ஓர் உப்பாக அமைந்தது. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் சப்பானியரிடம் கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், 1949இல் லித்தியம் உப்பினைப் பத்து நோயாளிகளுக்குத் தந்து அதன் பயனை அறிவித்தார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷௌ அதனை முறையான சோதனைகளால் உறுதி செய்தார். லித்தியம் எழுச்சியைத் தணிப்பதோடு மீண்டும் வாராமலும் காக்கிறது. தற்கொலையைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. அதன் நற்பயன் அளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி சிறிது. ஆதலின் இரத்தச் சோதனை இன்றியமையாதது. சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணிக்க வேண்டும். உலைக்களத்திலும் வெயிலிலும் வியர்த்து உழைப்பவர் உடலில் நீர் வற்றினால் லித்தியம் இரத்தத்தில் உயர்ந்துவிடும் என்பதையும் மருத்துவர் சொல்லித் தரவேண்டும். வர்ஜினியா உல்ப் 1941இல் மறைந்தார். கேடின் கட்டுரை எட்டாண்டு பிந்தி வந்தது.

ஒரு கவிஞர்

ஆத்மாநாம் என்ற பெயரில் எழுதிய எஸ்.கே. மதுசூதன் 1951இல் பிறந்தவர். 1978இல் தோன்றிய 'ழ' இதழின் ஆசிரியர். 1981இல் 'காகிதத்தில் ஒரு கோடு' என்ற தொகுதியை வெளியிட்டார். அவர் மனநிலைக் கோளாற்றுக்கு மருத்துவம் பெற்று வந்தார் என்பதை அவரைப் பற்றிய குறிப்புகள் தெரிவிக்கின்றன. 1984 சூலையில், முப்பத்து மூன்று வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். 1989இல் பிரம்மராஜன் அவர் கவிதைகளைத் தொகுத்து நூலாக்கினார்.

அவர் இறந்த பின்னர் இலக்கிய உலகில் ஒரு பேச்சு பரவியது. நோயே அவரைக் கவிஞராக்கியது என்றும், அந்த முடிவு கவிதையின் தருக்கம் என்றும் கூறுவாரை இன்றும் கேட்கலாம். சிவனைப் பித்தன் என்று அழைத்த மரபில் வந்தவர்க்குப் பித்து ஓர் உயர்நிலையாகத் தோன்றுவது எளிது. ஆனால் சுந்தரரின் பித்தன் வேறு. உறங்காமல் நடுங்கும் மனிதன் வேறு. ஆத்மாநாமின் கவிதைகளைப் படிப்போர் காண்பது தெளிவு. எளிய சொல், அளவான எள்ளல், நகரத் தெருவையும் ரோஜாப் பதியனையும் ஒரே கவனத்தோடு நோக்கும் கண் ஆகியவையே அங்குள்ளன. அத்தெளிவு நோயின் கொடை எனின், நோய் முற்றியபோது கவிதை பெருகியிருக்க வேண்டும். கடுஞ்சோர்வில் ஒரு வரி எழுதவும் கை எழாது என்பதையே அந்நோயினின்று மீண்ட எழுத்தாளர் பலரும் கூறியிருக்கின்றனர். நோயை வியப்பதும் கண்டு நிற்றலின் ஒரு வகையே. புகார்த் தெருக் கூட்டமாவது வருந்தியது.

மருந்து உண்டால் கவிதை வற்றிவிடும் என்ற அச்சம் கவிஞர் பலர்க்கு உண்டு. அதை ஏளனம் செய்தல் முறையன்று. எழுச்சியின் தொடக்கத்தில் சொற்கள் தாமே வந்து விழுவதும், மருந்து சிலர்க்கு மந்தத்தைத் தருவதும் உண்மை. இக்கேள்வியை 1979இல் மோகன்ஸ் ஷௌ நேராகவே கேட்டார். லித்தியம் உட்கொண்ட இருபத்துநான்கு கலைஞர்களுள் பன்னிருவர் தம் படைப்பு பெருகியது என்றனர். அறுவர் மாற்றமில்லை என்றனர். அறுவர் குறைந்தது என்றனர். சிறிய ஆய்வுதான். ஆயினும் குறைந்தது என்ற அறுவருக்காக அளவை மாற்றவும் வேறு மருந்தை நாடவும் வழியுண்டு. மருந்தைத் தாமே நிறுத்திக்கொள்வதுதான் பேரிடர்.

1984இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் சட்டத்தின் முன் குற்றவாளி. மருத்துவமனையில் கண் விழித்தால் காவலரும் வந்து நிற்பர். ஆத்மாநாம் மறைந்து ஈராண்டுக்குப் பின், 1986இல், டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகா என்ற அமைப்பைத் தொடங்கினார். சாக நினைப்பவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பதே அங்குள்ள தொண்டர்களின் வேலை. சாவைப் பற்றி ஒருவரிடம் வெளிப்படையாகக் கேட்பது அவருக்கு அந்த எண்ணத்தைப் புகட்டிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடியை வைத்து வழிபாட்டிடங்கள் அனைத்தையும் பழிப்பது எளிது. ஆனால் தமிழகத்தின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளரை ஆராய்ந்து டாக்டர் இரகுராம் முதலியோர் 2002இல் வெளியிட்ட கட்டுரை, சுமார் ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. அங்குச் சங்கிலியும் அடியும் இல்லை. உறவினர் ஒருவர் உடன் தங்கினார். நோயாளி கோயில் வேலைகளில் பங்கு கொண்டார். வள்ளுவரின் நான்காம் உறுப்பு அங்கே இருந்தது. மருத்துவமும் இருந்திருப்பின் இன்னும் நன்றாயிருக்கும்.

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. மயக்க மருந்தின்றி மின்னதிர்வு தருவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையினின்று விலக்கியது. 2024இல் வந்த புதிய குற்றச் சட்டத்தில் தற்கொலை முயற்சிக்கான பழைய பொதுப்பிரிவே இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வு இந்தியரில் இருபதில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆட்படுவதாகவும், அவர்களுள் எண்பது விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் மருத்துவம் பெறவில்லை என்றும் கண்டது. கணக்கு எளிது: நாற்பது பேர் கூடும் ஒரு கவியரங்கில் இருவர் என்று கொள்ளலாம்.

அவ்விருவரை அடையாளம் காண்பதில் இலக்கிய வட்டங்களுக்கு ஒரு வாய்ப்பும் ஒரு தடையும் உண்டு. மாதந்தோறும் ஒருவர் கவிதையை மற்றவர் கேட்பதால் மாற்றம் முதலில் புலப்படுவது அங்கேதான். ஓரிரவில் பத்துக் கவிதை எழுதிப் பின்னிரவில் அனைவரையும் தொலைபேசியில் அழைப்பவரும், மூன்று கூட்டங்களாக வாராதவரும், சாவைப் பற்றியே எழுதி வருபவரும் அங்கே தெரியவருவர். தடை என்னவெனில் கைதட்டல். சாவைப் பாடும் கவிதைக்கு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பது அரங்கின் பழக்கம். கூட்டம் முடிந்த பின் அக்கவிஞரோடு நிலையம் வரை நடந்து, உறங்கினீர்களா, உண்டீர்களா, சாக நினைக்கிறீர்களா என்று கேட்பதற்குக் கவித்துவம் வேண்டுவதில்லை. திருவள்ளூரிலும் இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நாடு முழுவதற்குமான 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முதல் முறை செல்லும்போது உடன் ஒருவர் செல்வது நல்லது. மருத்துவர் கூறுவதில் பாதிதான் சோர்வுற்றவர் நினைவில் தங்கும். மருந்தின் பெயரையும் வேளையையும் அடுத்த சோதனை நாளையும் மற்றவர் எழுதிக்கொள்ளலாம்.